பழைய காருக்கு ஏசி: காயலான் கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

மே மாதம், மதியம் இரண்டு மணி. சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், ஏசி இல்லாத மாருதி 800-ல் அந்த நேரத்தில் போனால் அந்தப் பத்து கிலோமீட்டரே போதும் போதும் என்றாகிவிடும். கண்ணாடியை இறக்கினால் அனல் காற்று, ஏற்றினால் புழுக்கம். பின் சீட்டில் வயசான அம்மாவோ கைக்குழந்தையோ இருந்தால் பிரச்னை சொகுசு பற்றியது இல்லை, உடம்பு பற்றியது. அமெரிக்காவின் அரிசோனாவில் 38 டிகிரிக்கு மேல் வெயில் அடித்த நாள்களில் கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். கேபினுக்குள் சராசரியாக 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. நம்ம ஊர் கோடையும் அதற்குச் சளைத்ததில்லை.

அதனால்தான் அப்பா வாங்கிய 800, தாத்தாவின் அம்பாஸடர், மாமா ஓட்டிய ஆம்னி என்று வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி, "அண்ணா, இதுக்கு ஏசி போட முடியுங்களா?" பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "போடலாம் தம்பி, செட்டு கெடைக்கணும்."

அந்த 'செட்டு' என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது.

செட்டு என்றால் என்ன?

ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. இதைச் செய்ய ஐந்து பேர் வேண்டும். இன்ஜின் பெல்ட்டில் ஓடி கேஸை அழுத்தும் கம்ப்ரஸர். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று அந்தச் சூட்டை வெளியேற்றி, கேஸைத் திரவமாக்கும் கண்டென்ஸர். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ரிசீவர் டிரையர். திரவத்தை ஊசிமுனைத் துளி மாதிரி விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ். கடைசியாக, டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில். ஆர்-134ஏ கேஸ் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்த கூலிங் காயிலுக்குள் அது கொதித்து ஆவியாகும்போது கேபின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ப்ளோயர் அந்தக் காயில் வழியாகக் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஐந்து பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒரு காரின் கம்ப்ரஸர், இன்னொரு காரின் கண்டென்ஸர், எங்கோ கிடைத்த காயில் என்று சேர்த்தால் ஒவ்வொரு பைப் முனையும் வேறு அளவில் நிற்கும். லேத்தில் கடைந்து, வெல்டு வைத்து இணைக்கும் ஒவ்வொரு இடமும் நாளைக்கு ஒரு லீக். அதனால் முதல் விதி: பாகங்களைத் தேடாதீர்கள், ஒரு முழு வண்டியைத் தேடுங்கள்.

இந்த விஷயத்தில் மாருதி 800 வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1983 டிசம்பரில் வந்த அந்தக் கார் 2014 ஜனவரி வரை உற்பத்தியானது. ஏசி, ஏசி இல்லாதது என இரண்டுமே விற்றதால், உங்கள் வண்டிக்கு அண்ணன் தம்பி மாதிரியான ஒரு ஏசி மாடல் எங்காவது கண்டம் ஆகிக் கிடக்கும். பழைய மாருதி ஏசி பாகங்களில் சுப்ரோஸ் என்ற பெயரைப் பார்ப்பீர்கள். 1985-ல் தொடங்கி, மாருதிக்கு ஏசி செய்துகொடுத்து வளர்ந்த நிறுவனம் அது. அம்பாஸடருக்கு இந்த வசதி குறைவு. அதற்குப் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் தனி காயில் பெட்டியும், பொதுவான சாண்டன் கம்ப்ரஸரும்தான் வழி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இடம் நிறைய இருப்பதால் வேலை சுலபம்.

பின்னால் அடி வாங்கிய வண்டி

காயலான் கடைக்குப் போனதும் கண்டம் வண்டியின் மூக்கைப் பாருங்கள். முன்னால் மோதிய கார் என்றால் முதலில் செத்திருப்பது கண்டென்ஸர்தான், அடுத்தது பைப்புகள். பின்னால் லாரி இடித்து உடைப்புக்கு வந்த கார்தான் நமக்கு வரம். பானெட்டுக்குக் கீழ் எல்லாம் அப்படியே இருக்கும்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பாகம் வரவழைக்கிறீர்கள் என்றால் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: வெள்ளத்தில் நின்ற வண்டியா? 2015, 2023 வெள்ளங்களில் அங்கே எத்தனை கார் மூழ்கின என்று நமக்குத் தெரியும். ப்ளோயர் மோட்டார், சுவிட்ச், வயரிங் எல்லாம் தண்ணீர் குடித்திருந்தால் ஆறு மாதத்தில் வேலையைக் காட்டும். பில் வாங்காமல் வராதீர்கள். எந்த வண்டியின் பாகம் என்பதும் அதில் இருக்கட்டும். திருட்டு வண்டியின் பாகம் என்று நாளைக்கு யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

பாகங்களைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கடைப் பையன் அவசரத்தில் பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடுவான். "தம்பி, ஸ்பேனர் போட்டே கழட்டுங்க" என்று சொல்லி, கழற்றிய நிமிடமே ஒவ்வொரு வாயையும் பிளாஸ்டிக் மூடி போட்டோ, டேப் சுற்றியோ அடைத்துவிடுங்கள். உள்ளே கேஸ் மிச்சம் இருந்தால் அதைத் திறந்து விடக் கூடாது. கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். அதோடு, ஆர்-134ஏ கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது.

கம்ப்ரஸரைக் கையில் எடுத்ததும் முன்பக்கத் தட்டைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ, எதிர்ப்பே இல்லாமல் லூஸாகச் சுற்றினாலோ அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். கிளட்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் முக்கியமான சோதனை. கம்ப்ரஸரைக் கவிழ்த்து உள்ளே இருக்கும் ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் சரி. கறுப்பாக, வெள்ளித் தூள் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்ந்து அரைபட்டிருக்கிறது. அந்தத் தூள் கண்டென்ஸர், வால்வ் என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கும். அந்த வண்டியில் இருந்து எதையுமே வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

நாமக்கல் பக்கம் இன்னொரு ஆசை வரும். லாரி, பஸ், ரிக் வண்டி என்று ஊரைச் சுற்றி ஏராளம். அதிலிருந்து கழற்றிய கம்ப்ரஸரோ ப்ளோயரோ சல்லிசாகக் கிடைக்கும். கனரக வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், நம் காரில் 12. 24 வோல்ட் கிளட்ச் காயில் காரில் சரியாகப் பிடிக்காது, ப்ளோயர் பாதி வேகத்தில் முனகும். இந்த ஆசை இனிமேல் இன்னும் அதிகமாகும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. டிரைவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய விஷயம். சில வருடங்களில் அந்தப் பாகங்களும் காயலான் கடைக்கு வரும். அப்போது லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இதையெல்லாம் புதுசாத்தான் வாங்கணும்

இரும்பும் அலுமினியமும் பழசாக இருக்கலாம். ரப்பர், எண்ணெய், ஈரம் உறிஞ்சும் பொருள் மூன்றும் பழசாக இருக்கவே கூடாது. பழைய பாகத்தில் ஏசி போட்டுவிட்டு, "ரெண்டு மாசத்துல கூலிங் போச்சு" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது இங்கேதான்.

ரிசீவர் டிரையர்தான் முதல் ஆள். அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் குருணைகள் இருக்கும். காயலான் கடையில் திறந்து கிடந்தால் சில மணி நேரத்திலேயே காற்றின் ஈரத்தை வயிறு முட்டக் குடித்துவிடும். அதற்கப்புறம் அது வெறும் டப்பா. ஈரம் கேஸோடு கலந்தால் உள்ளே அமிலம் உருவாகி அலுமினியத்தை அரிக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் ஐஸாக உறையும். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஜில்லென்று வந்து, திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே ஈரம் இருக்கிறது.

ஓ-ரிங் எல்லாமே புதுசு போடுங்கள். ஆர்-134ஏ-க்கு ஏற்ற ரகம் பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். ரப்பர் ஹோஸ் பழசென்றால் அதில் உள்ள உலோக முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஹோஸ் அடிக்கும் கடையில் புது ரப்பர் போட்டு கிரிம்ப் செய்து வாங்கலாம். லாரித் தொழில் நடக்கும் ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஆனால் ஏசிக்கான பேரியர் ஹோஸ்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸும் ஹைட்ராலிக் ஹோஸும் ஆகாது, கேஸ் அதன் வழியாகக் கசிந்துபோகும். எக்ஸ்பான்ஷன் வால்வும் பெல்ட்டும் புதுசு. கண்டென்ஸரும் முடிந்தால் புதுசாகவே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. பத்துப் பதினைந்து வருடம் கல்லும் பூச்சியும் பட்டு மடிந்த பின்கள் வழியாகக் காற்றே போகாது. நம் வெயிலில் கண்டென்ஸர் சரியில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2000-க்கு முந்தைய கண்டம் வண்டி என்றால் அதில் ஆர்-12 கேஸ் ஓடியிருக்கலாம். ஓசோன் படலத்தை ஓட்டையாக்கும் ரகம் என்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் முழுக்கக் கைவிடப்பட்டது. வளரும் நாடுகளுக்கான கெடுவும் 2010-ல் முடிந்துவிட்டது. ஆர்-12 கம்ப்ரஸரில் மினரல் ஆயில் இருக்கும். அது ஆர்-134ஏ-வோடு கலக்காது. முழுசாக வடித்து, பைப்புகளை ஃப்ளஷ் செய்து, பிஏஜி ஆயில் ஊற்ற வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்பதை கம்ப்ரஸர் லேபிள் சொல்லும். கூடினால் கூலிங் குறையும், குறைந்தால் கம்ப்ரஸர் ஜாம் ஆகும்.

37 குதிரையில் எத்தனை ஏசிக்கு?

800-ன் 796 சிசி இன்ஜின் தருவது சுமார் 37 பிஹெச்பி. ஏசி அதில் இரண்டு முதல் நான்கு குதிரைகளை எடுத்துக்கொள்ளும். பெரிய காரில் இது தெரியாது, இதில் நன்றாகவே தெரியும். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கி ஆஃப் ஆகாமல் இருக்க, ஏசி ஓடும்போது ஐடிலைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும் ஐடில்-அப் வால்வும் அதன் குழாய்களும் ஏசி மாடலில் இருக்கும். கழற்றும்போது எல்லோரும் விட்டுவிட்டு வருவது இதைத்தான். இதோடு கிராங்க் புல்லி, கம்ப்ரஸர் பிராக்கெட், டென்ஷனர், ஃபேன், ரிலேக்கள், ஆல்டர்னேட்டர் என்று ஏசி மாடலில் வேறுபடுகிற ஒவ்வொன்றையும் கழற்றி வாருங்கள். ஒரு சின்ன போல்ட்கூட விடாமல். பிராக்கெட்டைப் பட்டறையில் புதுசாகச் செய்யலாம்தான். ஆனால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் மாதம் ஒருமுறை பிய்ந்துபோகும்.

இன்ஜின் நிலைமை முதலில் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சூடேறும் வண்டி, புகை தள்ளும் வண்டி, ரேடியேட்டர் அடைத்த வண்டி என்றால் ஏசி ஆசையைத் தள்ளி வையுங்கள். கண்டென்ஸர் தன் சூட்டை ரேடியேட்டர் மேல்தான் கொட்டும்.

ஒரு பழைய கதை. கார்களில் ஏசியை முதன்முதலில் விற்ற கம்பெனிகளில் அமெரிக்காவின் பேக்கார்டு முக்கியமானது, 1939-ல். அதில் கிளட்ச்சே கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டும் என்றால் இன்ஜினை ஆஃப் செய்து, இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். காயில் பின்னால் டிக்கியில் இருந்தது, அதனால் சூட்கேஸ் வைக்க இடமில்லை. இன்று டாஷ்போர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் 'க்ளிக்' என்று கேட்கும் அந்த மேக்னட்டிக் கிளட்ச்சின் அருமை இதை நினைத்தால் புரியும்.

அந்த க்ளிக்குக்கு 12 வோல்ட்டில் மூன்று நான்கு ஆம்பியர் போகும். ப்ளோயரும் ஃபேனும் அதற்கு மேல். பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து சுவிட்ச்சில் முறுக்கிவிடுவது நடக்கிற கதைதான். பழைய கார் தீப்பிடிப்பதும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ், சரியான கனத்தில் வயர். பிரஷர் சுவிட்ச்சைக் கண்டிப்பாக இணைக்க வேண்டும். ஃபேன் நின்றுபோய் அழுத்தம் எகிறினால் கம்ப்ரஸரை நிறுத்துவது அதுதான். 'டைரக்ட் கொடுத்துட்டேன் சார், அது தேவையில்ல' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் ஏத்துற நாள்

எல்லாம் பொருத்தியதும் நேராக கேஸ் அடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு இணைப்பிலும் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடை காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். அடுத்து வாக்குவம். பம்ப்பைப் போட்டு அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும். பழைய பாகம் என்றால் ஒரு மணி நேரம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. நாமக்கல் வெயில் நமக்கு உதவும் ஒரே இடம் இதுதான்! பம்ப்பை நிறுத்தியபிறகு கேஜ் முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால்தான் கேஸ்.

எவ்வளவு கேஸ் என்பது கண்டம் வண்டியின் பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். அதை மறக்காமல் போட்டோ எடுத்து வாருங்கள். எடை மெஷினில் வைத்து ஏற்றுவதுதான் முறை. கேஜைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. 35 டிகிரி நிழலில் இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது இரண்டு முள்ளும் 115 பிஎஸ்ஐ அருகே நிற்கும். ஓடும்போது குறைந்த அழுத்தப் பக்கம் 25 முதல் 45, அதிக அழுத்தப் பக்கம் 200 முதல் 275 வாக்கில் இருக்கலாம். வென்ட் வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். வெளியே 38 இருக்கும்போது 10-லிருந்து 14 டிகிரி வந்தால், பழைய பாகத்துக்கு அது அருமையான வேலை.

விலை குறைவென்று பெயர் தெரியாத டின் கேஸ் வாங்காதீர்கள். போலி ஆர்-134ஏ-வில் மீத்தைல் குளோரைடு கலந்து விற்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதும் தீப்பிடிக்கும் பொருளை உருவாக்கும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தது இதனால்தான். சமையல் கேஸ் கலந்த 'லோக்கல் கேஸ்' நன்றாகவே கூல் ஆகும், உண்மை. ஆனால் கூலிங் காயில் லீக் ஆனால் அந்த கேஸ் வருவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குள்.

புகையைக் கவனியுங்க

ஏசி இல்லாத கார் ஒருவிதத்தில் பாதுகாப்பானது. கண்ணாடி எப்போதும் திறந்திருக்கும். ஏசி போட்டதும் அதை மூடிவிடுகிறோம். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் பைப்புக்காக ஓட்டை போட்டிருக்கிறோம். சைலன்ஸரிலோ மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ கசிவு இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு அந்த வழியாக உள்ளே வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. அதனால் ஓட்டைகளை ரப்பர் குரோமெட்டும் சீலன்ட்டும் வைத்து அடைக்க வேண்டும். டிக்கி, கதவு பீடிங்குகளை மாற்ற வேண்டும். சைலன்ஸரைச் சோதிக்க வேண்டும். நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது, எந்தக் காரிலும்.

பேப்பர் வேலை பெரிசாக இல்லை. ஏசி போடுவது இன்ஜினையோ சேஸிஸையோ எரிபொருளையோ மாற்றும் வேலை இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, கூடுதல் எலெக்ட்ரிக்கல் ஃபிட்டிங் என்று பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத ஃபிட்டிங்கில் ஆரம்பித்த தீ என்றால் க்ளெய்ம் சிக்கலாகும். செலவு செய்வதற்கு முன் ஆர்.சி-யையும் ஒருமுறை பாருங்கள். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் எஃப்.சி-யில் நிற்காத அளவுக்குத் தரை தகரம் துருப்பிடித்த வண்டி என்றால் அந்தக் காசில் ஏசியுள்ள பழைய கார் ஒன்றைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். என் கணக்கு எளிது: புதுசாக வாங்க வேண்டியவற்றின் பட்டியலை முதலில் கூட்டுங்கள், மெக்கானிக் கூலியைச் சேருங்கள். அதுவே வண்டியின் விலையில் பாதியைத் தொட்டால் காயலான் கடைக்கே போக வேண்டாம்.

எல்லாம் முடிந்து, ஊரில் எல்லோரும் போகிற மாதிரி கொல்லிமலைக்கு ஒரு ரவுண்டு கிளம்புவீர்கள். காரவள்ளி அடிவாரத்திலேயே ஏசியை ஆஃப் செய்துவிடுங்கள். மேலே 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனைக்கும் அந்த 37 குதிரையும் முழுசாக வேண்டும். பாதி ஏறியதும் காற்றே ஜில்லென்று வரும். இறங்கும்போது கியரில் வைத்து ஏசியைப் போட்டுக்கொள்ளலாம், அப்போது பாரம் இன்ஜினுக்குப் பெரிசாகத் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் தேவையில்லை என்று மாதக்கணக்கில் போடாமல் விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆயில் சுற்றி, கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும்.